சங்குக்குறிப் படகு

பழவேற்காட்டுக்குக் கப்பல் வருகிறதென்றால், கப்பல் யாருடையது என்று குப்பங்களில் எவனும் கேட்கமாட்டான். எந்தப் படகு முதலில் போய்க் கப்பலிலிருந்து போடும் கயிற்றைப் பிடிக்கும் என்பதுதான் பேச்சு. கப்பல் கரைக்கு வராது, அலைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்றுவிடும். சரக்கை ஏற்றி இறக்கச் சலங்குகள்தான் போகவேண்டும். ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகுதான் சலங்கு. ஆணி அடித்த படகை அந்த அலை இரண்டே நாளில் பிரித்துப் போட்டுவிடும். அங்கே வியாபாரம் செய்த டச்சுக்காரர்களான ஒல்லாந்தருக்குக் கோட்டை இருந்தது, பீரங்கி இருந்தது, ஆள் அம்பு இருந்தது. அலையைத் தாண்ட மட்டும் நம் சனம்தான் வேண்டியிருந்தது.

அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதலில் கயிறு பிடிக்கும் படகின் தண்டல், அதாவது படகுக்குத் தலைவன், கப்பல்காரனிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கலாம். அவன் மறுக்கக்கூடாது. பாய்த்துணி கேட்டவன் உண்டு, ஆட்டுக்கிடா கேட்டவன் உண்டு. ஒரு மகானுபாவன் கள் மயக்கத்தில் கப்பல்காரனுடைய தொப்பியைக் கேட்டு வாங்கி வந்து, பெண்டாட்டியிடம் ஆயுசுக்கும் வசவு வாங்கினான். வழக்கத்தை மீறினால் அந்தக் கப்பலுக்கு மறுபடி படகு வராது என்பது அவர்களுக்கும் தெரியும்.

பஞ்சம் வந்த ஒரு வருஷத்தில் கோட்டைக்குப்பத்துத் தண்டல் துளசிங்கம் கேட்க இருந்தது தன் பெண்டாட்டியை.

நாகம்மாள் நாலு படி நெல் கிடைக்குமா பார்க்கலாம் என்று திருப்பாலைவனத்துக்கு நடந்து போனவள். திரும்பி வரவில்லை. ஆளைப் பிடித்து விற்கிற தரகர் கூட்டம் ஒன்று அப்போது ஊரூராகத் திரிந்துகொண்டிருந்தது, நாசமாய்ப் போனவர்கள். துளசிங்கம் அவளைத் தேடாத இடமில்லை. கடைசியில் கோட்டையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்த வீரராகவன்தான் விஷயத்தைச் சொன்னார்.

"வடக்க ஒரு துறையில கப்பல் ஏத்திட்டாங்கப்பா. கோட்டைக்குப்பத்துக்காரி ஒருத்தி, நாகம்மான்னு பேரு, அழுதுகினே இருக்கான்னு அங்கேருந்து வந்த ஆளு சொல்றான். அந்தக் கப்பல் துணி மூட்டை ஏத்த இங்க வரும். அப்பறம் கடலுக்கு அந்தாண்ட இருக்கற பத்தாவியாதான். அங்க போனவங்க திரும்புனதா நான் கேட்டதில்ல."

"நான் இன்னா பண்ணட்டும் சாமி?"

"கயிறு பிடி. பிடிச்சா அவளக் கேளு. ஆளைக் கேட்டவன் இதுவரைக்கும் ஒருத்தனும் இல்ல. கேக்கக்கூடாதுன்னும் ஒருத்தனும் சொல்லல."

துளசிங்கம் முதலில் மற்ற தண்டல்களிடம் ஓடினான். யாரும் படகு விடாதீர்கள், நான் மட்டும் போகிறேன் என்று ஒவ்வொருவன் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினான். குழந்தைகள் புளியங்கொட்டையை அவித்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது. கப்பல் வேலைக்கு அரிசி கொடுப்பார்கள். அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் படகைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களைத் திட்டவும் அவனால் முடியவில்லை.

அப்படியானால் ஜெயித்தாக வேண்டும். ஜெயிக்கிறதென்றால் சங்குக்குறிப் படகு வேண்டும். இது பழவேற்காட்டு ஏரிக்கரை முழுக்க ஊறிப்போன எண்ணம். தருமலிங்கம் என்ற ஓடாவி, அதாவது படகுத் தச்சர், கட்டும் சலங்குகளுக்கு முகப்பில் சுண்ணாம்பால் ஒரு சங்கு எழுதியிருக்கும். நீளமான, கனமான படகு, பன்னிரண்டு துடுப்பு. தையலில் ஒரு சொட்டு கசியாது. மூன்று வருஷமாகக் கயிறு பிடித்ததெல்லாம் சங்குதான். மற்ற ஓடாவிகளின் படகை வைத்திருப்பவன், நாலு பேருக்கு நடுவில் அதைச் சொல்லவே கூச்சப்படுவான்.

துளசிங்கத்தின் படகு எளாவூர்ப் பக்கத்து ஓடாவி ஒருவன் கட்டியது. சின்னது, எட்டுத் துடுப்பு. இடது பக்கத்தில் கறுப்பாக ஒரு ஒட்டுப்பலகை. தையல் கயிறு முழுக்க நாகம்மாள் தன் தொடையில் வைத்துத் திரித்தது. கட்டிய நாளிலிருந்து கசிந்தது. ஒருவன் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவு பெரிய காரியத்துக்கு இந்த ஓட்டைப் படகையா நம்புவது என்று நினைத்தான்.

நேராகத் தருமலிங்கத்திடம் போனான். பட்டறையில் புதுச் சலங்கு ஒன்று தயாராக நின்றது. ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டான். தருமலிங்கம் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் நின்ற படகு ஆட்களின் கைகளைப் பார்த்தார். அவர்கள் தோளில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்க தண்டலு. இவனுங்க கையில குடுத்தா என் சங்கு தோத்துடும். கெலிக்கிற ஆளுங்களாப் பாத்துதான் நான் எப்பவும் குடுக்கறது. அதனாலதான் பேரு நிக்குது."

பாருங்கள், அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிட்டார். படகு ஆளை ஜெயிக்க வைக்கவில்லை, ஜெயிக்கிற ஆளாகப் பார்த்துப் படகைக் கொடுத்திருக்கிறார். துளசிங்கம் அசல் முட்டாளில்லை. வேறொரு நாளாக இருந்தால் அதைப் புரிந்துகொண்டிருப்பான். அன்றைக்கு அவன் காதில் விழுந்ததெல்லாம் 'இல்லை' என்ற ஒரு சொல்தான்.

மிச்சமிருந்தது பக்கத்துக் குப்பத்துச் சம்பந்தம். போன மூன்று தடவையும் கயிறு பிடித்த தண்டல் அவன்தான், சங்குக்குறிப் படகு வைத்திருப்பவன். கேட்டால் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டுதான் போனான். சம்பந்தம் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனும் ஆள் பாதியாகியிருந்தான்.

"அண்ணே, என் பொண்டாட்டி அந்தக் கப்பல்ல இருக்காண்ணே. உன் சங்கை ஒரே ஒரு நாளைக்குக் குடு. வாழ்நாளுக்கும் உன் காலுக்குச் செருப்பா இருப்பேன்."

சம்பந்தம் கரையில் கிடந்த தன் சங்கைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எடுத்துக்க," என்றான். "ஆனா உன் படகை எனக்கு வுட்டுடு. அன்னைக்கு எனக்கும் ஒண்ணு வேணுமில்ல."

துளசிங்கம் அவன் காலில் விழுந்தான். இவ்வளவு நல்லவனா இவன் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சம்பந்தம் காலை இழுத்துக்கொண்டான். எழுந்தபோது துளசிங்கம் பேச்சுக்கு, "திரௌபதி எப்படிண்ணே கீது?" என்று விசாரித்தான். சம்பந்தத்துக்கு ஒரே மகள்.

"எளாவூர்ல, அவ அத்தை வூட்ல," என்று சொல்லிவிட்டுச் சம்பந்தம் குடிசைக்குள் போய்விட்டான்.

படகு மாறியதைக் கேட்டு நீலமேகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீலமேகம் நாகம்மாளின் தம்பி, துளசிங்கத்தின் படகில் முதல் துடுப்பு.

"மாமா, வேணாம். அது பன்னெண்டு பேரு வலிக்கிற படகு. நாம எட்டு பேரு. அதுவும் எப்படியாப்பட்ட எட்டு பேரு, நீயே பாரு."

"மூணு வருசமா சங்குதான்டா கயிறு பிடிக்குது."

"சங்கா பிடிச்சிச்சு? சம்பந்தம் ஆளுங்க பிடிச்சாங்க. அப்போ அவங்க சோறு தின்னாங்க மாமா."

"உங்க அக்கா உனக்கு வேணுமா, வேணாமா?"

நீலமேகம் தன் துடுப்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். 

கப்பல் விடிந்ததும் தெரிந்தது. கோட்டையில் ஒரு குண்டு போட்டார்கள். முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஏரியில் காத்திருந்த ஐந்து படகுகளும் கிளம்பின. ஏரித் தண்ணீர் அமைதியாக இருந்தவரை சங்கு முன்னால் போயிற்று. துளசிங்கம் பின்னால் நின்று சுக்கான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏலேலோ சொல்லிக் கத்தினான். கசிவு இல்லை, இறைக்க ஆள் வேண்டியதில்லை. அவனுக்கு நெஞ்சு பூரித்தது. நாகம்மா, வந்துட்டேன், வந்துட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

முகத்துவாரம் தாண்டி முதல் அலை வந்தது. படகின் மூக்கு ஏறியது, எட்டுத் துடுப்பும் சேர்ந்து இழுத்தும் பின்பாதி ஏறவில்லை. அலை அதை அப்படியே பின்னுக்குத் தள்ளியது. மறுபடி இழுத்தார்கள். இரண்டாவது அலையில் ஒருவன் துடுப்பைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்தான். காலியாகக் கிடந்த நாலு இருக்கைப் பலகைகளை அப்போதுதான் துளசிங்கம் நிஜமாகவே பார்த்தான். சுக்கானை விட்டுவிட்டுத் தானே ஒரு துடுப்பை எடுத்து வலித்தான், உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கனத்த படகுக்கு அவன் கண்ணீரும் தெரியாது, ரத்தமும் தெரியாது.

அப்போது வலது பக்கமாக ஒரு சின்னப் படகு கடந்து போயிற்று. அலைக்கு அலை பலகைகள் நெகிழ்ந்து கொடுத்து, பாதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, உள்ளே ஒருவன் பைத்தியம் பிடித்தவனைப்போல் இறைத்துக்கொண்டிருக்க, மேலே ஏறி இறங்கிப் போயிற்று. இடது பக்கத்தில் கறுப்பு ஒட்டுப்பலகை. வலித்த எட்டுப் பேரும் சம்பந்தத்தின் ஆட்கள், அவர்களும் எலும்பும் தோலும்தான். அந்த எட்டுப் பேருக்கு அந்தப் படகு போதுமாயிருந்தது.

சம்பந்தம் ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றான் என்பது துளசிங்கத்துக்கு அந்த அலை நடுவில் புரிந்தது. பஞ்சத்தில் எந்தப் படகு ஓடும் என்று சம்பந்தத்துக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டு வாங்க வழி தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்தபோது, இவனே வலியப் போய்க் கையில் கொடுத்து, காலிலும் விழுந்திருக்கிறான்.

சங்கு எப்படியோ அலையைத் தாண்டியபோது கயிறு சம்பந்தத்தின் கையில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் கப்பலின் மேல்தட்டு நன்றாகத் தெரிந்தது. காற்றுக்காகப் பெண்களை மேலே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து ஓரத்துக்கு ஓடிவந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு," என்று நாகம்மாள் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அது எங்க படகு. நான் திரிச்ச கயிறு. பாருங்கடி, அவருதான் மொதல்ல."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நூலேணி இருந்த இடத்துக்கு வந்து ஒரு காலைக் கூட வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். ஒரு மாலுமி அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

கீழே சம்பந்தம் கயிற்றைப் பிடித்தபடி எழுந்து நின்றான். 

"எம் பொண்ணக் குடு. திரௌபதின்னு பேரு. இந்தக் கப்பலுக்கு ஆள் பிடிச்ச தரகன்கிட்ட நாந்தான் வித்தேன், நாந்தான் பாவி. அரிசிக்கு வித்தேன். அவளக் குடுத்துடு."

கப்பலில் இருந்த துபாஷி அதைக் கப்பல்காரனிடம் சொன்னான். கப்பல்காரன் சரி என்று தலையை ஆட்டினான். குச்சி குச்சியாய்க் கை கால் கொண்ட ஒரு பெண் நூலேணியில் நடுங்கிக்கொண்டே இறங்கி, நாகம்மாள் திரித்த கயிற்றால் தைத்த அந்தப் படகில் போய் உட்கார்ந்தாள். சம்பந்தம் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனைக் கொல்லவேண்டும் என்று வந்த ஆத்திரம், அதைப் பார்த்ததும் துளசிங்கத்துக்குப் பாதியிலேயே நின்றுபோயிற்று. தான் பிடித்திருந்தால் தானும் இதைத்தான் செய்திருப்பான்.

"நாகம்மா," என்று கூப்பிட்டான். "இங்க பாரு, நான் இங்க கீறேன்." நீலமேகமும் அக்கா, அக்கா என்று கத்தினான். அலை இரைச்சலில் அவர்கள் குரல் அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

நாகம்மாள் இன்னும் ஓரத்தில்தான் நின்றாள். கறுப்பு ஒட்டுப்பலகைப் படகில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், முதல் முகத்திலிருந்து மறுபடியும் பார்த்தாள், புருஷன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடினாள். பக்கத்தில் வந்து நின்ற சங்குக்குறிப் படகை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஜெயிக்கிறவர்களின் படகு. அதில் அவள் புருஷனுக்கு என்ன வேலை?