பேருந்தில் எடுத்த வீடியோ

சலவைக் கடையில் எல்லோரும் அவளை ஊமைச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் பேசாதவள் இல்லை; வாயைத் திறக்கவே யோசிப்பவள். புருஷனிடம் விலா எலும்பு முறிய அடி வாங்கி, அவன் கண்ணில் படாமல் இந்த நகரத்துக்கு ஓடிவந்தவள். பழைய போன் நம்பரைத் தலைமுழுகிவிட்டாள். யாராவது போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று காலை பேருந்தில் ஒருவன் போனில் சினிமாச் சண்டையை அலறவிட்டிருந்தான். பக்கத்து இருக்கைப் பெரியவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"கஷ்டமா இருந்தா காதைப் பொத்திக்கோ, பெருசு."

வார்த்தை தடித்தது. பெரியவர் போனைத் தட்டிவிட்டார். அவன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மூக்கிலேயே குத்தினான். ரத்தம் கொட்டியது. சுற்றிலும் கைகள் உயர்ந்தன. எல்லாக் கையிலும் போன். ஊமைச்சிக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து அவனைப் பிடித்துத் தள்ளினாள்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவந்துவிட்டது. அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. சீருடையில் தைத்திருந்த கடையின் பெயர் அதைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

முதலாளியம்மாதான் சிரித்துக்கொண்டே காட்டினாள். "பாருடி, ஒரே நாள்ல பெரிய ஆளாயிட்ட! கடைக்கும் ஓசி விளம்பரம்."

ஊமைச்சி போனைக் கவிழ்த்து வைத்தாள். "அக்கா, இதை அழிக்கச் சொல்லுங்க. யார்கிட்ட சொல்லணும்?"

"ஊரே பாத்தாச்சு. இனிமே யாரைப் போய்க் கேப்ப?"

அப்போதுதான் புருஷனைப் பற்றி முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். முதலாளியம்மாவின் சிரிப்பு நின்றது. அன்றே தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்தாள். காவல் நிலையத்துக்கும் கூட்டிப்போனாள். "வந்தா போன் பண்ணுங்க" என்றார்கள்.

அந்த வாரமே வந்துவிட்டான்.

அவள் ஒரு கோட்டின் காலருக்கு நீராவி விட்டுக்கொண்டிருந்தாள். கோட்டுக்குச் சொந்தக்காரர் கவுண்டருக்கு வெளியே போனைத் தடவியபடி காத்திருந்தார். புருஷன் அவரை இடித்துத் தள்ளிக் கவுண்டரைத் தாண்டிக் குதித்தான்.

"ஊருக்கெல்லாம் முகத்தைக் காட்டுற. எனக்கு மட்டும் காட்ட மாட்டியா?"

முடியைப் பிடித்து அவள் தலையை மேஜை விளிம்பில் மோதினான். நெற்றி பிளந்தது. "காப்பாத்துங்க!" என்று கோட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்து போனை உயர்த்தினார்.

புருஷனின் விரல்கள் கழுத்தை நெரித்தன. கண் இருட்டியது. அவள் கை இஸ்திரிப்பெட்டியைத் தேடிப் பிடித்தது. அவன் கன்னத்தில் அழுத்தி நீராவிப் பொத்தானை விடாமல் அமுக்கினாள். தோல் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. மிருகம்போல் அலறினான், பிடியை மட்டும் விடவில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்த முதலாளியம்மா ஷட்டர் இழுக்கும் கம்பியால் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அடுத்த அடியில் தரையில் விழுந்தான்.

போலீஸ் வந்தது. முனகியவனைத் தூக்கி வண்டியில் போட்டார்கள்.

கோட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். "கவலைப்படாதம்மா, எல்லாம் எடுத்திருக்கேன். குரூப்லயும் போட்டுட்டேன். உனக்கு சப்போர்ட் குவியும்."

ஊமைச்சி விட்ட அறையில் அவர் கண்ணாடி தெறித்துத் துணிக்கூடையில் விழுந்தது.

நெற்றியில் தையல் போட்ட பிறகு காவல் நிலையத்தில் உட்காரவைத்தார்கள். அறை வாங்கியதற்காகக் கோட்டுக்காரர் அவள்மேல் புகார் கொடுத்திருந்தார். அதிகாரி நயமாகச் சொன்னார்: "உன் புருஷனை உள்ள தள்ள அவர் வீடியோதாம்மா பலமான சாட்சி. ஒரு மன்னிப்பு கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

"மாட்டேன் சார்."

"ஏம்மா பிடிவாதம் பிடிக்கிற?"

"காப்பாத்துங்கன்னு அவரைப் பாத்துதான் கத்தினேன். அது அந்த வீடியோவுலயே கேக்கும். போட்டுப் பாருங்க."

அதிகாரி போட்டுப் பார்த்தார். இரண்டாவது முறையும் பார்த்தார். கோட்டுக்காரர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். குரூப்பில் போட்டதையும் அங்கேயே அழித்தார். அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருந்ததோ, அவருக்கே தெரியாது.

புருஷனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. நெற்றித் தையல் ஆறியதும் ஊமைச்சி வேலைக்குத் திரும்பினாள். முதல் காரியமாகச் சீருடையிலிருந்த கடைப் பெயரைப் பிளேடால் ஒவ்வொரு நூலாகப் பிரித்தெடுத்தாள். முதலாளியம்மா பார்த்தாள், தான் போட்டிருந்த சீருடை மேலங்கியையும் பெயரைப் பிரிக்கக் கழற்றிக் கொடுத்தாள்.