இரைச்சல் இல்லாத தட்டு

...துடைத்துவிட்டார்கள், பாவிகள், இந்தப் புதிய சிடியில் மருந்துக்குக்கூட இரைச்சல் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஓட்டலில் ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு வாசித்த ஒன்பது பேர், ஒரே மத்தியானத்தில் இரண்டு பாட்டைப் பதிவு செய்துவிட்டுக் கலைந்துபோன ஜாஸ் குழு, அந்தத் தட்டில் உலகத்திலேயே ஒரு பிரதிதான் மிச்சமாம், அதை மறுபதிப்புச் செய்கிறேன் என்று சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். கார்னெட் ஊதுகுழல் தனியாக எழும்புவதற்கு முன்னால் எட்டு முறை டக் டக்கென்று ஒரு கீறல் வரும், அது இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் ஸ்ஸ் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமே, அது எங்கே? கடைசியில் டிரம்ஸ்காரன் சிம்பல் என்கிற பித்தளைத் தாளத்தைத் தட்டி உடனே கையால் பிடித்து அடக்குவானே, அந்த ட்சிங் எங்கே போயிற்று?

சிடி போட்ட கம்பெனிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. 'ஐயா, நாங்கள் எதையும் துடைக்கவில்லை, இரைச்சலை ஏன் விட்டுவைத்தீர்கள் என்றுதான் மற்றவர்கள் திட்டுகிறார்கள்.' யாரிடம் கதை விடுகிறான்? லிப்ட் மோட்டாரில் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தால், எந்த பேரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லுகிறவன் நான், முப்பத்தோரு வருஷமாக, பாம்புக் காது என்று பெயர் வாங்கியவன்... இதே பாட்டு என்னிடம் பழைய மறுபதிப்பு இசைத்தட்டிலும் இருக்கிறது. "ஒரே பாட்ட எதுக்குங்க ரெண்டு தடவ வாங்குறீங்க?" என்பாள் என் மனைவி. இதற்குத்தான். அலமாரியிலிருந்து எடுத்தேன், முள்ளை வைத்தேன், எட்டு டக், கார்னெட்... அடியில் ஒன்றுமில்லை. முள்ளைத் துடைத்து மறுபடி வைத்தேன். ஒன்றுமில்லை. இருபது வருஷமாக என் கையைத் தவிர வேறு கை படாத தட்டு, இதை யார் வந்து துடைத்தது? ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம், இந்த நேரத்தில் இது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது?

பக்கத்து வீட்டு டீச்சர். போன வாரம் வாசலில் நிறுத்திச் சொன்னாள், "நம்ம லிப்டு மேல வரும்போது கீச்சுனு ஒரு சத்தம் வருதுங்க, பல்லெல்லாம் கூசுது." இந்தக் கட்டடத்து லிப்டும் என் பொறுப்புதான். "கிளாஸ்ல பசங்க போடுற சத்தம் காதுலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் டீச்சர்" என்று கிண்டலடித்தேன், மரியாதைக்குச் சிரித்தாள். நேற்றுக் கம்பியை வைத்துக் கேட்டேன். கீச்சுச் சத்தமே இல்லை, நன்றாக இருக்கிறது என்று லிப்டுக்குள் தொங்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கீச்சு என்பது பேரிங் காய்ந்ததன் அடையாளம், விட்டால் அச்சையே முறித்துவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறவன் நான்தானே... ஸ்ஸ், ட்சிங், கீச்சு, மூன்றும் உச்சத்தில் ஒலிக்கிற கூரிய சத்தங்கள், பயமாக இருக்கிறது.

போன் அடித்தது, அது கேட்கிறது, என் மனைவியின் குரலும் கேட்கிறது. "கடையிலேர்ந்து வந்துட்டேன், கீழதான் இருக்கேன்." ஏறாதே, படியில் வா என்றேன். "எட்டு மாடியா? ரெண்டு கையிலயும் பை. அட்டையில நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று சிரித்தாள், கதவு மூடியிருக்க வேண்டும், லைன் போய்விட்டது.

வராந்தாவுக்கு ஓடினேன். லிப்ட் கதவுக்கு மேலே சிவப்பு எண், இரண்டு. மெஷின் ரூம் ஒரு மாடி மேலே, ஓடிப்போய் மெயினை அணைத்தால் நடுவில் தொங்குவாள், அணைக்காவிட்டால்... மூன்று. ஒருவேளை நன்றாகத்தான் இருக்கிறதோ, இவ்வளவு அமைதியாக வருகிறதே. நான்கு. கம்பிக்குப் பதில் என் நெற்றியையே கதவில் சாய்த்தேன், காதை ஒட்டினேன், அதிர்கிறது, அவ்வளவுதான். ஐந்து. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஆறு. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.