கேமராவுக்குள் இருந்த எல்லைக்கல்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கரிக்கலாம்பாக்கத்தில், ஜெராக்ஸ் எடுக்கப் போன கடையில். எனக்கு முன்னால் நின்ற பெண் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். மற்றதெல்லாம் அங்கே காதில் விழுந்தது. பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

2
அந்தப் பெண் விஜயராணி. அவள் மனைக்கும் கொழுந்தன் குமரவேலின் மனைக்கும் நடுவே ஓர் எல்லைக்கல். கரண்ட் கம்பத்துக்குக் கிழக்கே இருந்த கல்லைப் பிடுங்கி மேற்கே, அவள் மனைக்குள் நட்டுவிட்டான் என்று அவள் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். (‘குமரவேல் திருட்டு முழியோடு வேலியோரம்…’ என்று எழுதி நிறுத்தினேன். அந்த ஆளை நான் நேரில் பார்த்ததே இல்லை.) பதினொரு மணிக்கு இருவரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். மனைக்குப் பூஜை போட்ட அன்று எடுத்த படம் கேமராவில் இருக்கிறது. அதுதான் சாட்சி.

3
கடைக்காரன் புகழ்வேந்தன் கேபிளைச் செருகினான். கேமராவில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை.

“இன்னா தம்பி, செத்துப்போச்சா?”

“இருங்கக்கா, பாக்கலாம்.”

வேறு துளையில் செருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். (கார்டைக் கழற்றிப் படிக்கலாமே என்பீர்கள். அதற்கான கருவி அவனிடம் உடைந்து கிடந்தது.) பிறகுதான் கேபிளைப் புரட்டிப் பார்த்தான்.

“அக்கா, இது சார்ஜ் ஏத்துற கேபிளு. கரண்டுதான் போவும், படம் வராது.”

மேசை இழுப்பறையைக் கிளறி வேறொன்றை எடுத்து மாட்டினான். ‘டிங்’ என்றது.

4
படத்தில் விஜயராணி கற்பூரத்தட்டோடு நிற்கிறாள். குமரவேல் அவளுக்குக் குடை பிடித்திருக்கிறான். காலடியில் மஞ்சள் பூசிய கல். கம்பத்துக்கு மேற்கே, இன்றைக்கு இருக்கும் அதே இடத்தில்.

“படம் இடது வலதா மாறி வருமா தம்பி?”

“மாறாதுக்கா.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அவன் புள்ளைங்க எதிர்லயே திருடன்னு கத்தினேன்பா.”

5
படத்தை அழித்துவிட்டு வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போகிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். செய்யக்கூடியவள்தான். குமரவேலின் வாசலில் விழுந்து அழுவதாக இன்னொன்று… வேண்டாம். நான் பார்த்தது இது.

“இந்தப் படத்த ரெண்டு காப்பி போடு,” என்றாள். போனை எடுத்தாள்.

“குமாரு, அண்ணி பேசுறேன். கல்லு நவுரல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். என் ஜெராக்ஸ் தயாராகிவிட்டது, அவன் பதிலைக் கேட்காமலே நான் கிளம்பினேன். பிள்ளைகள் முன்னால் உங்களைத் திருடன் என்றவர் கூப்பிட்டு இப்படிச் சொன்னால், நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

“அண்ணி,