ஒன்பதாவது நுகம்

எர்மெலிந்தாவின் அடுக்களைச் சுவருக்கும் கடலோரப் பாறை விளிம்புக்கும் இடையே நான்கு எட்டு நிலமே எஞ்சியிருந்தது. சென்ற ஆண்டு அது பதினோரு எட்டு. மே மாதத்துப் புயல்கள் வருமுன் வீட்டை மேட்டுக்கு நகர்த்தியாக வேண்டும். தவறினால் அலை வந்து எடுத்துக்கொள்ளும்.

சிலி நாட்டின் சீலோவே தீவில் வீடு இடம்பெயர்வது புதுமையன்று. மரவீட்டின் அடியில் இரு நெடுந்தண்டுகளைச் செருகி, எருதுகளைப் பூட்டி, ஊரே கூடி இழுத்துவிடும். கூலி கிடையாது, விருந்து உண்டு. ஆனால் வீட்டுக்குரியவர் படியேறிச் சென்று வேண்டினால்தான் ஆள் வரும். வேண்டப்படாத இல்லத்திலிருந்து ஒரு முழக் கயிறும் வாராது.

நுகத்துக்கு இரண்டு எருதாக எட்டு நுகங்கள் சேர்ந்துவிட்டன. முன்னின்று இழுக்க வேண்டிய ஒன்பதாவதுதான் சேரவில்லை. அது பெலார்மினோ வென்சூரின் செவலை இணை. மூன்றாண்டுக்கு முன் ஒரு திருவிழாவில் எர்மெலிந்தா அந்த எருதுகளைக் கன்றுக்குட்டிகள் என்று ஊரார் முன் நகைத்துவிட்டாள். அன்றுமுதல் பெலார்மினோ அவள் வணக்கத்தை ஏற்பதில்லை. இம்முறை அவள் இருமுறை சென்றும் கதவு திறக்கவில்லை.

“என் வாய்தான்டீ என் வீட்டுக்கு வினை” என்றாள் எர்மெலிந்தா. “அந்த ஜோடி இல்லாம இது ஒரு முழம் நகராது. எனக்கும் தெரியும், அந்த மனுஷனுக்கும் தெரியும்.”

கேட்டுக்கொண்டிருந்தவள் இல்கா. ஸ்பானிய மொழி பயில ஹங்கேரியிலிருந்து வந்து, ஏழு மாதமாக அவ்வீட்டு மேல்தளத்தில் தங்கி, காலைதோறும் பேருந்தில் காஸ்த்ரோ நகரத்துப் பள்ளிக்குப் போய்வருபவள். ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்குபவர் எவரும் அக்கூரைக்காக வேண்டலாம் என்பது ஊர்வழக்கு. ஆகவே தானே போவதாகச் சொன்னாள்.

இரவெல்லாம் எழுதித் திருத்திய ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவள் போனாள். வேலிப்படலருகே நின்றபடியே, ஓரெழுத்தும் பிறழாமல் ஒப்பித்தாள். பெலார்மினோ விறகு பிளப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

“பேச்சு சுத்தமாத்தான் இருக்கு பொண்ணே. என் மாட்டுக்குக் குளம்பு வலி.”

அன்று மாலை மரக்கோயிலில் நாசரேத்து நாதருக்கு ஒன்பது நாள் வழிபாட்டின் ஐந்தாம் நாள். துதிப்பாடல்களை இல்கா இதுவரை சொற்கள் பொறுக்கும் வயலாகவே கண்டிருந்தாள். அன்றோ தோற்ற நெஞ்சோடு கேட்டாள். முதல் பாட்டில் திருநாமம், அடுத்ததில் திருமேனி, பின்னர் அவர் கடலை அடக்கியதும், கலம் காத்ததும், முன்னோர்க்கு இரங்கியதும். புகழ் மேல் புகழ் அடுக்கி, பாடுவோர் குரல் கனிந்து தழுதழுத்த பின்னரே, இறுதி அடியில் ஒரு சிறு விண்ணப்பம். எல்லாம் அறிந்த இறைவனிடமே இத்தனை சுற்றி வந்து கேட்கிறார்கள். தானோ வேலிக்கு வெளியே நின்று, பாட்டின் கடைசி அடியை மட்டும் வீசிவிட்டு வந்திருக்கிறாள். இருட்டில் அவள் முகம் சிவந்தது.

மறுநாள் மீண்டும் போனாள். எருதின் குளம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிக்க வந்ததாகச் சொன்னாள். பெலார்மினோ ஒரு கணம் திகைத்தார். நோய் விசாரிக்க வந்தவரை வாயிலில் நிறுத்துவது முறையாகாது; உள்ளே அழைத்தார்.

அடுப்பருகே அமர்ந்தாள். மாத்தே பானம் கைமாறியது. மழையைப் பேசினார்கள், கிழங்கு விளைச்சலைப் பேசினார்கள். சாளரத்துக்கு வெளியே மேய்ந்த எருதுகளைப் பெயர்சொல்லிக் கேட்டாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடையது லூசேரோ, மற்றது கிளாவெல். அவை கோயில் மணியை இழுத்து மேடேற்றிய கதையை அவரே சொன்னார். எர்மெலிந்தாவின் மறைந்த கணவரோடு ஒரே படகில் அவர் வலை வீசியதாக வீட்டில் கேட்டிருந்த கதையை இல்கா எடுத்துச் சொன்னாள். அவள் ஸ்பானியம் அங்கங்கே இடறியது. அவர் சொல் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் குவளை தீர்ந்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பொறுக்கமாட்டாமல் அவரே கேட்டார்.

“சரி, வந்த விஷயத்தச் சொல்லும்மா.”

இல்கா எழுந்து நின்று, தலை தாழ்த்தி, வீடு இழுக்கும் சனிக்கிழமைக்கு அவ்விணையை வேண்டினாள்.

“கன்னுக்குட்டிங்க எதுக்காம் அவளுக்கு?”

“அந்த ஜோடி இல்லாம எங்க வீடு ஒரு முழம் நகராதுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்கய்யா.”

அவர் மீசைக்குள் நெடுநேரம் சிரித்தார். “குளம்பு நேத்தே ஆறிடுச்சு” என்றார்.

சனிக்கிழமை பகல். கதவும் சாளரமும் கழற்றப்பட்ட வீடு, ஒன்பது நுகங்களின் பின்னே பெருமூச்செறிந்து நகர்ந்தது. ஈரச்சரிவின் பாதியில் தண்டுகள் சேற்றில் புதைந்தன. கயிறுகள் விம்மின, எருதுகள் நின்றுவிட்டன. எர்மெலிந்தா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெலார்மினோ தாற்றுக்கோலை ஊன்றித் திரும்பினார்.

“வேண்டிக்கிட்டவ நீதான? நீயே கூப்பிடு.”

இல்கா சேற்றில் இறங்கி முன்னே ஓடினாள். எந்த வாக்கியமும் அவளிடம் இல்லை. லூசேரோ என்றாள், கிளாவெல் என்றாள். நெற்றிச் சுட்டியே என்றாள், மணியை மலையேற்றியவரே என்றாள். மூச்சுக்கு ஒரு புகழாக அந்நாட்டு மொழி அவள் நெஞ்சிலிருந்து மடைதிறந்தாற்போல் வந்தது. எங்கே கற்றோம் என்று எண்ண அவளுக்குப் பொழுதில்லை. செவலைகள் கழுத்தைத் தாழ்த்தின. ஊரே தோள்கொடுத்தது. வீடு ஒருமுறை சாய்ந்து, நிமிர்ந்து, சேற்றை உதறிவிட்டு, கப்பலைப்போல் மேடேறியது. இருநூறு பேர் எழுப்பிய ஆரவாரத்தில் விரிகுடாவின் நாரைகள் எழுந்து பறந்தன.

மேட்டில் விருந்து. முதல் தட்டை எர்மெலிந்தா பெலார்மினோவின் முன் தானே கொண்டுவந்து வைத்தாள். அவர் கிழங்கு அடையைப் பிட்டு வாயிலிட்டு, நிதானமாக மென்று தின்று தீர்த்தார்.

“உப்பு கம்மி” என்றார். வெறுந்தட்டை மறுபடி நீட்டினார்.