புஸ்பம் மேற்றன் செய்த ஒரேயொரு தவறு

"எனக்கு ஒரு தவறு வேணும் புள்ள. நாளைக்குள்ள."

தலைமைத் தாதியான புஸ்பம் மேற்றன் இதைச் சொன்னது புதன்கிழமை காலை, தன் அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்தபடி. எதிரே மேனுகா நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில் யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கமில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் இரண்டு பேர் தொலைக்கல்வியில் தாதியியல் பட்டம் படித்தார்கள். ஒருத்தி மேனுகா. குருக்கள்மடத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே மூன்று வருடமாகப் பாடம் கேட்டவள். மற்றவர் மேற்றன். பட்டம் எடுக்காவிட்டால் பதவியில் நீடிக்க முடியாது என்று உரிமையாளர் முத்தலிப் டொக்டர் சொன்ன அன்றே சேர்ந்தவர்.

'உங்கள் வேகத்தில் படியுங்கள்' என்றது விளம்பரம். மேற்றனின் வேகமும் மேனுகாவின் வேகமும் வியக்கத்தக்க வகையில் ஒன்றாகவே இருந்தன. பாடத்துக்காக இருவரும் எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைகளையெல்லாம் எழுதியவள் மேனுகாதான்.

இப்போது கடைசி ஒப்படை. தலைப்பு: 'பணியில் நான் செய்த ஒரு தவறு.'

"முப்பது வருஷ சர்வீசில எனக்குத் தவறு நடந்ததே இல்ல. நீயே ஒண்டக் கற்பனை பண்ணு. பெரிசா வேணாம். மரியாதையான தவறா இரிக்கட்டும்."

"என்ட பயிற்சிப் புத்தகம், மேடம்? வெள்ளி அஞ்சு மணிக்கு முதல் அனுப்பணும்."

அந்தப் புத்தகம் மேற்றனின் இழுப்பறையில் இருந்தது. முந்நூறு மணிநேரப் பயிற்சி, நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மேற்றன் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேனுகா இறுதி வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"முதல்ல என்டத எழுதித் தா. மறுகா வைக்கிறன்."

மேனுகா பஸ்ஸில் கற்பனை செய்து பார்த்தாள். தன் ஊரையும் தாண்டிக் கல்லாறு போய்த் திரும்பும் அளவுக்கு யோசித்தும் மரியாதையான தவறு ஒன்றும் வரவில்லை. ஒப்படையோ சும்மா விடவில்லை. எந்த நோயாளி, யார் கண்டுபிடித்தது, பதிவேட்டில் என்ன எழுதினீர்கள் என்று பொலிஸ் மாதிரிக் கேட்டது.

அத்தனை கேள்விக்கும் பதில் உள்ள மேற்றனின் தவறு ஒன்று அவளுக்குத் தெரியும்.

போன மாசி மாதம். நான்காம் கட்டிலில் களுதாவளை அழகரத்தினம், குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு வந்தவர். நீரிழிவு என்ற சீனி வருத்தமே இல்லாத மனிதர். ஆறாம் கட்டிலுக்குப் போட வேண்டிய இன்சுலினை அவருக்குப் போட்டவர் மேற்றன். அட்டையைப் பார்க்கவில்லை, அனுபவம் இருந்தது. மனிதர் வியர்த்து நடுங்கத் தொடங்கியதும் சீனியின் அளவைச் சோதித்து, குளுக்கோஸ் ஏற்றி, மீட்டெடுத்தவள் மேனுகா. மறுநாள் பதிவேட்டில், ஊசி போட்டவர் என்ற இடத்தில் மேனுகாவின் பெயர் இருந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். மேற்றனுக்கு, உயிரைக் காப்பாற்றியதற்காக அழகரத்தினம் கொண்டுவந்த ஒரு பை கத்தரிக்காய்.

மேனுகா அப்படியே எழுதினாள். கமா கூடக் கற்பனையில்லை.

வியாழக்கிழமை கொடுத்தாள். "ஒருக்கா வாசிச்சுப் பாருங்க மேடம்." வாசிக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"உன்னில எனக்கு நம்பிக்கை இரிக்கு." மேற்றன் வாசிக்காமலே கணினியில் ஏற்றினார்.

"கட்டாயம் வாசிங்க மேடம்."

"நாளைக்கு வாய்மொழித் தேர்வில வாசிக்கத்தானே போறன்?"

"அப்ப, கையெழுத்து..."

"தேர்வு முடியட்டும். மறுகா."

கையெழுத்துக் கைக்கு வந்த பிறகு வெடிக்கும் என்று மேனுகா நினைத்து வைத்த வெடி. இப்போது கையெழுத்து வெடிக்கு அந்தப் பக்கம்.

அவள் உணவறைக்குப் போய், ஏறாவூரிலிருந்து வரும் சக தாதி பர்ஸானாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு மூளை கலங்கிட்டா புள்ள?" என்றாள் பர்ஸானா. சற்று யோசித்துவிட்டு, "நாளைக்கு எத்தின மணிக்கு? நான் டியூட்டி மாத்திட்டு வாறன்" என்றாள்.

வெள்ளி, மூன்றரை மணி, மேற்றனின் அறை. மேற்றன் புதுச் சேலையில் வந்திருந்தார். மேசையில் கேக். சாட்சிக்கு முத்தலிப் டொக்டரையும் அழைத்திருந்தார். சுவரோரம் தாதிமார். திரையில் கொழும்பிலிருந்து விரிவுரையாளர் ஸாதியா.

"உங்கள் ஒப்படையை வாசியுங்கள்."

மேற்றன் மேடைக் குரலில் தொடங்கினார். முதல் பந்தி அழகாகப் போனது. இரண்டாம் பந்தியில் நான்காம் கட்டில் வந்தது. குரல் தடுமாறியது. மூன்றாம் பந்தியில் இன்சுலின் வந்தபோது அவர் தலை நிமிர்ந்து மேனுகாவைப் பார்த்தார். ஊசி ஏற்றுமுன் நரம்பு தேடும் பார்வை.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்? தொடருங்கள்," என்றார் ஸாதியா.

முத்தலிப் டொக்டர் கேக்கை மெல்லுவதை நிறுத்தினார்.

வேறு வழியில்லை. மேற்றன் வாசித்தார். "மறுநாள் பதிவேட்டில், என் பெயருக்குப் பதிலாக, என் கீழ் வேலை செய்யும் தாதியின் பெயரை எழுதினேன்."

மணி மூன்று ஐம்பது.

ஸாதியா கண்ணாடியைக் கழற்றினார். "பதினொரு வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒப்படையை நான் கேட்டதில்லை."

மேற்றனின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. டொக்டரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அதில் துடைக்க எதுவுமில்லை.

"மனச்சாட்சி விடல்ல, மேடம்," என்றார்.

பர்ஸானாவுக்கு இருமல் வந்தது.

"அந்தத் தாதிக்கு என்ன பரிகாரம் செய்தீர்கள்?"

இதற்கு விடை ஒப்படையில் இல்லை.

"இந்தா நிக்கிறா. என்ட பிள்ளை மாதிரி." மேற்றன் இழுப்பறையைத் திறந்தார். "இவட பயிற்சிப் புத்தகத்தில உங்கட கண்ணுக்கு முன்னால கையெழுத்து வைக்கிறன்."

நாற்பது கையெழுத்துகள். கமராவுக்கு முகம் தெரியும்படி, ஒவ்வொன்றும் கல்யாணப் பதிவு போல. டொக்டர் எழுந்தார். "எச்சரிக்கைக் கடிதத்தக் கோப்பில இரிந்து எடுங்க," என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டு வெளியேறினார். தவறு செய்தவருக்குப் புதுக் கடிதம் எழுதுவது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நேர்மை மருத்துவமனையின் பெயருக்கு நல்லதல்ல.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு மேனுகா நாற்பதாம் பக்கத்தை ஏற்றினாள். 'பெறப்பட்டது' என்று திரை சொன்னது.

இரண்டு வாரத்தில் பெறுபேறு வந்தது. மேற்றனின் ஒப்படைக்கு ஏ. மேனுகாவின் ஒப்படைக்கு பி. கீழே ஒரு குறிப்பு: 'இன்னும் மனந்திறந்து எழுதப் பழகுங்கள்.' ஆனாலும் பட்டம் பட்டம்தான். இருவருக்கும்.

அன்று மாலையே மேற்றன் கூப்பிட்டார்.

"நேர்மையைப் பத்தி எல்லா நேர்ஸ்மாருக்கும் வகுப்பெடுக்கட்டாம், டொக்டர் சொல்றார். ஒரு மணித்தியாலப் பேச்சு. எழுதித் தா புள்ள."

மேனுகா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனையைத் திறந்தாள்.

"எழுதலாம் மேடம். எந்தச் சம்பவத்த எழுதட்டும்? வைகாசியில நடந்ததா, ஆடியில நடந்ததா?"

மேற்றன் எட்டி அறைக்கதவைச் சாத்தினார். பிறகு அவள் கையிலிருந்த பேனையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீ பஸ்ஸுக்குப் போ. நானே எழுதுறன்."