சரியான வரிகளை அடித்தவள்

1

இந்தக் கதை அறந்தாங்கி போகிற பேருந்தில் எனக்குக் கிடைத்தது. கோட்டைப்பட்டினத்தில் ஏறிய ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எல்லாம் சரியாத்தான் போட்டேன்டி. நானே கோடு போட்டு அடிச்சுட்டு வந்துட்டேன்." பிறகு இறங்கிப் போய்விட்டாள். மற்றதெல்லாம் நான் கட்டியது.

முதல் தொடக்கம்: அன்று கடல் அமைதியாக

(வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாவது: நூர்நிஷா இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்தாள். ஐஸிலும் ஓட்டிலும் அவள் விரல்நுனிகள் வெந்து வெடித்திருந்தன. இனி உரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பத்தாவது பாஸ் பண்ணிட்டு வாம்மா, சூப்பர்வைசரா போடுறேன்" என்றார் முதலாளி.

இதையே வைத்துக்கொள்வோம். பாஸானால் விரல்கள் பிழைக்கும்.

2

டியூஷன் எடுத்த புவனேஸ்வரி அவளைவிட இளையவள். அவள் பாடம் நடத்தும் விதத்தை விளக்க எனக்கு ஆசை, கொஞ்சம் பொறுங்கள். ஆளுக்கு ஆள் அவளிடம் வேறு வழி இருந்தது. வாயாடிகளை எழுந்து நின்று பாடம் நடத்தச் சொல்வாள். கூச்சப்படுகிறவர்களுக்குப் படம் வரைந்து காட்டுவாள். நூர்நிஷாவின் சிக்கல் பயம். சின்ன வயதில் கணக்கு வகுப்பில் அடிவாங்கியவள். 'தப்பு' என்று கேட்டாலே பேனா நின்றுவிடும்.

ஆகவே புவனேஸ்வரி அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள். எழுதிய வரி சரியென்றால் "ம்" என்பாள். இல்லையென்றால் பேசாமலிருப்பாள். அந்த மௌனத்தில் நூர்நிஷா தானே திரும்பிப் பார்த்து, வரியை அடித்துவிட்டு வேறு எழுதுவாள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு, பாருங்கள். திட்டும் இல்லை, அவமானமும் இல்லை.

"எங்க வீட்டு ஆட்டுக்குட்டியும் இப்படித்தான் டீச்சர் ம்முங்குது."

"அதுக்குத் தழை போடுறீங்கல்ல? எனக்கு ஒரு டீயாச்சும் போடுங்கக்கா."

பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து வரவேண்டிய இரண்டு எண்களை அவள் முதன்முதலாகத் தானே கண்டுபிடித்த நாளில் இருவரும் சிரித்த

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

[ஓரக் குறிப்பு: இவ்வளவு நல்ல டீச்சரை நானே நம்பவில்லை. ஒரு வரைவில் அவளைச் சிடுமூஞ்சியாக்கிப் பார்த்தேன். அதில் நூர்நிஷா பாஸாகிவிட்டாள். பயந்துபோய்க் கிழித்துவிட்டேன்.]

3

பரீட்சை முடிந்து நூர்நிஷா நேராகப் புவனேஸ்வரி வீட்டுக்குத்தான் வந்தாள்.

"ஒண்ணுமே வரல டீச்சர்."

"வராம எங்கிட்டுக்கா போகும்? முதல் கணக்கை இங்க போடுங்க."

முதல் வரி சரி. புவனேஸ்வரி களைப்பில் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நூர்நிஷா ஒருகணம் காத்திருந்தாள். பிறகு அந்த வரியை அடித்தாள். வேறொன்று எழுதினாள். அதையும் அடித்தாள்.

"ஏங்க்கா அடிக்கிறீங்க? சரியாத்தானே இருந்துச்சு!"

"நீங்க ம் சொல்லலையே."

"பரீட்சை ஹால்ல?"

"அங்க யாருமே சொல்லல டீச்சர். ஒரே அமைதி. ஒவ்வொரு வரியா அடிச்சேன்."

புவனேஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. மௌனம் என்றால் தப்பு என்று அடி வாங்கியவளுக்கு அவள் கற்றுக்கொடுத்திருந்தாள். உலகத்துப் பரீட்சைக் கூடங்களெல்லாம் மௌனமாகத்தான் இருக்கின்றன.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) மறுதேர்வில் பாஸாகிறாள். (என்னால் எழுத முடிந்தது. நம்ப முடியவில்லை.)

ஆ) புவனேஸ்வரி டியூஷனை விட்டுவிடுகிறாள். (விட்டால் மற்றவர்கள்?)

இ) இனி சரியான வரிக்கும் பேசாமல் இருந்து பழக்குகிறாள். (இருந்து பார்த்தாள். நூர்நிஷாவின் பேனா நின்றுவிட்டது, பள்ளியில் நின்ற மாதிரியே.)

ரிசல்ட் நீங்கள் நினைப்பதுதான். மறுநாள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பியவள், டீச்சர் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்:

"திரும்ப எழுதுறேன் டீச்சர். ஆனா அங்க நீங்க இருக்க மாட்டீங்கள்ல. நான் போட்டது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

புவனேஸ்வரி வாயைத் திறந்தாள். அவள் பேசவேண்டிய வரி இது:

"

அந்த வரி என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். ஷெட்டில் மணி அடித்துவிட்டார்கள்.