எதிராளி கொளஞ்சியம்மாள்

பக்கவாதம் கோதண்டபாணியின் வலக்கையை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. மிச்சத்தையெல்லாம் மனைவி கொளஞ்சியம்மாள் எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக் கொடுத்த சட்டை, அவள் பிசைந்து ஊட்டிய சோறு, அவள் வைத்த சேனல். பீங்கான் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கப்புக்குக் கைப்பிடி ஒட்டிய மனிதருக்கு, டீ இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளரில், உறிஞ்சுகுழாயோடு வந்தது.

நான்கு மாதத்தில் மனிதர் பேச்சையே விட்டுவிட்டார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கோதண்டபாணியோ இடக்கையால், இரண்டு நாள் மல்லுக்கட்டி, ஒரு பிராது எழுதினார். குறையைத் தாளில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டுவதும், தீர்ந்ததும் வாபஸ் வாங்குவதும் விருத்தாசலத்தில் வழக்கம்.

'ஐயா, கை வராவிட்டாலும் போகிறது. என் டீயை என் கப்பில் நானே குடிக்க வேண்டும். எதிராளி: என் சம்சாரம்.'

கோழி கிளறியது போன்ற அந்த எழுத்தையும் கொளஞ்சியம்மாள் படித்துவிட்டாள்.

"சாமி பேரையே வச்சிருக்கற எம்மேல, சாமிகிட்டயே பிராதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, குடுங்க. நானே கட்டிட்டு வரேன். ஒங்களால பஸ்ஸு ஏற முடியாது."

"எதிராளி கையிலயே பிராத குடுத்தனுப்புவாங்களாடி? வேணும்னா பின்னால வா. தொடாத." வெகு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார் கோதண்டபாணி.

இடக்கைக்குக் கம்பி எட்டுவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் கண்டக்டர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்," என்றாள் கொளஞ்சியம்மாள் கீழிருந்து. "ஒங்க மேலயும் பிராது எழுதிருவாரு."

கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க, அவரே ஏறிவிட்டார்.

கோயிலில் வேலில் தாளைக் கட்ட வேண்டும். ஒரு கையையும் பல்லையும் வைத்துக்கொண்டு முயன்றார். நூல் மூன்று முறை வழுக்கியது. அவள் முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"முடிச்சுல வெரல வையி," என்றார் கடைசியில். "அங்க மட்டும்."

வைத்தாள். அங்கே மட்டும்.

மறுநாள் காலை பீங்கான் கப்பில் டீ வந்தது. பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போனது. அவரே எடுத்துப் போட்ட சட்டை. பொத்தான் ஒன்று மாறியிருந்தது. துடைக்கத் துணி எடுக்கப் போன கொளஞ்சியம்மாள் திரும்ப உட்கார்ந்தாள்.

"எப்பங்க வாபஸ் வாங்கப் போறீங்க?"

"அவசரப்படாத," என்றார் கோதண்டபாணி, மிச்சத்தை உறிஞ்சியபடி. "ஒரு மாசம் ஒன் நடத்தையப் பாக்கறேன்."